பூவா, தலையா?

நாமக்கல்லில் ஒரு கல்யாணம். முகூர்த்தம் முடிந்து முதல் பந்தியும் எழுந்து விட்டது. ஆண்கள் வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்து முட்டை விலையையும் லாரி வாடகையையும் பற்றிப் பேசிக் கொண்டிருந்தார்கள். மண்டபத்தின் ஒரு மூலையில், பட்டுப் பாவாடையும் தாவணியுமாக, தலை நிறையக் கனகாம்பரத்துடன் ஒரு பெண் செல்போனைக் கையில் வைத்துக் கொண்டு உலகத்தையே மறந்து உட்கார்ந்திருந்தாள். ஏதோ ஸினிமாப் பாட்டாக இருக்கும் என்று எண்ணி எட்டிப் பார்த்தேன். பாட்டு அல்ல, பந்து! மைதானத்தில் பெண்கள் ஒருத்தி பின் ஒருத்தியாக வந்து, கோல் வலையைக் குறி பார்த்துப் பந்தை உதைத்துக் கொண்டிருந்தார்கள்.

"இருங்கக்கா, இன்னும் ரெண்டே உதைதான். அப்புறம் காசு சுண்டுவாங்க!" என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமலே. ஏற்கெனவே பல முறை பார்த்து மனப்பாடம் செய்து வைத்திருந்த பழைய ஆட்டம் அது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளுடைய அம்மாயி ஒரு பெருமூச்சு விட்டாள். (கொங்குச் சீமையில் அம்மாவைப் பெற்ற பாட்டிக்கு அம்மாயி என்று பெயர்.)

"ஏனுங்க அம்மிணி, நீங்க படிச்சவங்க, பத்திரிகையில எழுதறவங்க. நீங்களே ஒரு ஞாயம் சொல்லுங்க. பொட்டப் புள்ளை பந்து உதைக்கறேன்னு காலை ஒடிச்சுக்கிட்டா, நாளைக்கு யாருங்க கட்டிக்குவாங்க?"

விஷயம் மெல்ல வெளியே வந்தது. பெண்ணுக்கு 15 வயது. பள்ளிக்கூடக் கோஷ்டியில் கால்பந்து ஆடுகிறாள். விளையாட்டு விடுதியில் சேர மனுப் போட வேண்டும் என்று ஆசிரியை காகிதம் கொடுத்து அனுப்பி ஒரு வாரம் ஆகிறது. அந்தக் காகிதம் அம்மாவின் கைப்பையில் மடித்தபடி கிடக்கிறது. அம்மா "ஆகட்டும்" என்றும் சொல்லவில்லை, "கூடாது" என்றும் சொல்லவில்லை. அம்மாயியின் வாயிலிருந்து என்ன வருகிறது என்று காத்திருக்கிறாள்.

நான் ஞாயம் சொல்வதற்கு முன்னால், அந்தச் செல்போனில் ஓடிக் கொண்டிருந்த ஆட்டத்தின் கதையை வாசக நேயர்களுக்குச் சொல்லி விடுகிறேன். ஏனென்றால், அம்மாயியின் கேள்விக்கு விடை அதற்குள்தான் இருக்கிறது.

டாக்காவில் ஓர் இரவு

தெற்காசியக் கால்பந்துச் சம்மேளனம் என்று ஓர் அமைப்பு 1997-லிருந்து இருக்கிறது. அது நம் பக்கத்து நாடுகளுக்குள்ளே போட்டிகள் நடத்துகிறது. பெரிய பெண்களுக்கு ஒரு போட்டி; அது 2010-ல் ஆரம்பமாயிற்று. வளரும் பெண்களுக்கு 15 வயது, 17 வயது, 19 வயது என்று வரம்பு கட்டித் தனித் தனிப் போட்டிகள்.

19 வயதுக்கு உட்பட்டவர்களின் போட்டி 2024-ம் வருஷம் பிப்ரவரி மாதம் பங்களாதேஷின் தலைநகரான டாக்காவில் நடந்தது. இந்தியா, பங்களாதேஷ், நேபாளம், பூடான் ஆகிய நான்கு நாடுகள் கலந்து கொண்டன. நம் பெண்கள் பூடானை 10–0 என்றும், நேபாளத்தை 4–0 என்றும் தோற்கடித்தார்கள். பங்களாதேஷிடம் மட்டும் 1–0 என்று தோற்றார்கள். ஆகவே 8-ந் தேதி கமலாப்பூர் மைதானத்தில் நடந்த இறுதி ஆட்டம், பழைய கணக்கைத் தீர்க்கும் ஆட்டமாக அமைந்தது.

ஆரம்பித்த 8-வது நிமிஷத்திலேயே மணிப்பூரைச் சேர்ந்த சிபானி தேவி ஒரு கோல் போட்டாள். அதற்குப் பிறகு 80 நிமிஷங்களுக்கு மேல் பங்களாதேஷ் பெண்கள் முட்டி மோதியும் ஒன்றும் பலிக்கவில்லை. 90 நிமிஷமும் முடிந்தது. வீணான நேரத்தை ஈடு செய்யக் கொடுக்கும் சில நிமிஷங்கள்தான் பாக்கி. இந்தியா ஜயித்து விட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள். அந்தச் சமயத்தில் சாகரிகா என்ற பங்களாதேஷ் பெண் பந்தை வலைக்குள் தள்ளி விட்டாள்! 1–1.

பிறகு பெனால்டி உதைகள். 12 கஜ தூரத்தில் பந்தை வைத்து, கோல் காப்பாளர் ஒருத்தி மட்டும் எதிரே நிற்க, இரண்டு பக்கமும் மாறி மாறி உதைக்க வேண்டும். முதலில் தலைக்கு ஐந்து. அதிலும் சமமானால் ஒவ்வொன்றாகத் தொடர வேண்டும். தேர்ந்த ஆண்களுக்கே இந்த இடத்தில் கால் நடுங்கும். அன்று டாக்காவில் என்ன நடந்தது தெரியுமா? ஒருத்தி கூடத் தவறவிடவில்லை! ஐந்து போய் ஆறு, ஏழு, எட்டு என்று ஏறிக் கொண்டே போயிற்று. கடைசியில் கோல் காப்பாளர்களும் வந்து உதைத்தார்கள். அவர்களும் கோல் போட்டார்கள். 11–11. இருபத்திரண்டு பெண்கள், இருபத்திரண்டு உதைகள், இருபத்திரண்டு கோல்கள்!

இதற்கு மேல் என்ன செய்வது? அங்கேதான் பெரியவர்களுக்குக் குழப்பம் வந்து விட்டது. ஆட்டத்தை மேற்பார்வை செய்த கமிஷனர், நாணயத்தைச் சுண்டி முடிவு செய்யும்படி நடுவருக்குச் சொன்னார். பூவா, தலையா? நாணயம் இந்தியாவின் பக்கம் விழுந்தது. நம் பெண்கள் குதித்துக் கும்மாளமிட்டார்கள். பங்களாதேஷ் பெண்கள் திகைத்து நின்றார்கள்.

உடனே ஆட்சேபம் கிளம்பியது. "எந்தச் சட்டத்தில் இப்படி இருக்கிறது?" என்று பங்களாதேஷ் தரப்பில் கேட்டார்கள். கேள்வி நியாயமானது. கால்பந்துச் சட்டப்படி, எல்லோரும் ஒரு சுற்று உதைத்த பிறகும் சமமாக இருந்தால், மறுபடியும் முதலிலிருந்து உதைக்க வேண்டும். யாராவது ஒருத்தி தவறவிடும் வரையில் அது தொடர வேண்டியதுதான். பெனால்டிக் கட்டத்தில் நாணயத்துக்கு உள்ள வேலை, எந்தப் பக்கத்துக் கோல், முதல் உதை யாருக்கு என்று தீர்மானிப்பது மட்டும்தான்.

தவறு உறைத்ததும் உதைகளைத் தொடரலாம் என்றார்கள். "ஜயித்தோம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?" என்று இந்தியக் கோஷ்டி மைதானத்துக்குத் திரும்ப மறுத்தது. கூட்டத்திலிருந்து பாட்டில்கள் பறந்தன. நெடு நேரம் பேச்சு வார்த்தை நடந்தது. இறுதியில் இரண்டு நாடுகளும் சேர்ந்தே வெற்றி பெற்றதாக அறிவித்து, கோப்பையைப் பொதுவாக்கினார்கள்.

நாணயத்தின் பழைய கதை

நாணயம் சுண்டுவது கமிஷனர் அன்று புதிதாகக் கண்டு பிடித்த யுக்தி அல்ல. ஒரு காலத்தில் கால்பந்தில் அதுவும் வழக்கமாக இருந்தது. 1968-ல் ஐரோப்பியக் கோப்பையின் அரை இறுதி ஆட்டம் இத்தாலிக்கும் ஸோவியத் ரஷ்யாவுக்கும் நேப்பிள்ஸ் நகரில் நடந்தது. கோலே விழவில்லை. நாணயம் சுண்டியதில் இத்தாலிக்கு அதிர்ஷ்டம். அது இறுதி ஆட்டத்துக்குப் போய்க் கோப்பையையும் வென்றது. ரஷ்யர்கள் அந்த ஆட்டத்தில் தோற்காமலே, ஒரு காசிடம் தோற்று இறுதி ஆட்டத்தை இழந்தார்கள். இந்த மாதிரி அநியாயம் கூடாது என்றுதான் 1970-ல் பெனால்டி முறையைச் சட்டமாக்கினார்கள்.

அப்படிக் கழித்துக் கட்டிய நாணயம், 54 வருஷங்களுக்குப் பிறகு டாக்காவில் எப்படியோ திரும்ப வந்து சேர்ந்தது! யோசித்துப் பாருங்கள். 19 வயதுக்கு உட்பட்ட பெண்கள் இருபத்திரண்டு பேர் தங்கள் கடமையில் மயிரிழை கூடப் பிசகவில்லை. பிசகியது யார்? சட்டத்தைப் படித்து வைத்திருக்க வேண்டிய பெரியவர்கள்.

தேநீர்க் கடைக்காரர் மகள்

கடைசி நிமிஷத்தில் கோல் போட்ட சாகரிகாவைப் பற்றி ஒரு வார்த்தை. அவளுடைய ஊர் பங்களாதேஷின் வட கோடியில் தாக்கூர்காவ் ஜில்லாவைச் சேர்ந்த ஒரு கிராமம். அப்பா சிறிய தேநீர்க் கடை வைத்திருப்பவர். பெண் பந்து ஆடுவது அவருக்கு முதலில் பிடிக்கவில்லை. ஊராரின் பேச்சுக்கு அஞ்சினார். அவள் விடாப்பிடியாக ஆடினாள். பிறகு அதே மகளால் அந்தக் கடைக்கே பெயர் வந்து விட்டது.

பங்களாதேஷில் இப்படிப்பட்ட கதைகள் பல. மைமென்சிங் ஜில்லாவில் கல்சிந்தூர் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அந்த ஊர் ஆரம்பப் பள்ளிக்கூடத்து மைதானத்தில் பந்து உதைக்க ஆரம்பித்த சிறுமிகள் பலர் தேசியக் கோஷ்டி வரையில் போயிருக்கிறார்கள். பெரிய பெண்களின் தெற்காசியப் போட்டியில் இந்தியா வரிசையாக ஐந்து தடவை வென்றது. அப்புறம் 2022-லும் 2024-லும் கோப்பையைப் பங்களாதேஷ் கொண்டு போயிற்று. ஆரம்பப் பள்ளியில் போட்ட விதை கோப்பையாகக் காய்த்திருக்கிறது!

"பெண்களுக்கு ஆகாது"

அம்மாயியைப் போல் ஆட்சேபித்தவர்கள் சீமையிலும் இருந்தார்கள். 1920-ம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு மறு நாள் இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்தில் பெண்கள் ஆடிய ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் கூடினார்கள். அதில் ஆடியவர்களில் ஒரு கோஷ்டியார், பிரஸ்டன் நகரத்து டிக் கெர் தொழிற்சாலையின் பெயரைத் தாங்கியவர்கள். இவ்வளவு கூட்டம் கூடியது மேலிடத்துக்குப் பொறுக்கவில்லை போலும்! அடுத்த வருஷமே, "இந்த ஆட்டம் பெண்களுக்கு ஏற்றதல்ல" என்று சொல்லி, தங்களைச் சேர்ந்த மைதானங்களில் பெண்கள் ஆடக் கூடாது என்று கால்பந்துச் சங்கம் தடை போட்டது. அந்தத் தடை நீங்க ஏறக்குறைய 50 வருஷங்கள் ஆயின. பெண்களுக்கென்று முதல் உலகக் கோப்பை 1991-ல் தான் சீனாவில் நடந்தது.

நம் தேசம் இதில் அவ்வளவு பின் தங்கி விடவில்லை. 1975-லேயே பெண்களின் தேசியப் போட்டி லக்னோவில் நடந்தது. 1980 ஜனவரியில் பெண்களின் ஆசியப் போட்டியைக் கோழிக்கோட்டில் நடத்தினோம். வடக்கு என்றும் தெற்கு என்றும் இந்தியா இரண்டு கோஷ்டிகளை இறக்கியது. தெற்குக் கோஷ்டி இறுதி ஆட்டம் வரையில் போயிற்று. ஆனால் பிறகு பல காலம் இந்தப் பெண்களைக் கவனிப்பார் இல்லை.

நம் கடலூர்ப் பெண்கள்

சேலத்திலிருந்து விருத்தாசலம் வழியாகக் கடலூருக்கு ரெயில் பாதை இருக்கிறது. அதன் மறு கோடியில் நடந்த அதிசயத்தை நம் சமவெளியில் எத்தனை பேர் அறிவார்கள்?

2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி கடலூரைச் சூறையாடியது. அதற்குப் பிந்திய வருஷங்களில், வீடும் ஆதரவும் இழந்த குழந்தைகளையும் ஏழைக் குடும்பத்துப் பெண்களையும் கூட்டி, மாரியப்பன் என்ற பயிற்சியாளர் கால்பந்து கற்றுக் கொடுத்தார். அந்த ஊர் தமிழகத்துப் பெண்கள் கால்பந்துக்கே தாய்வீடு ஆகி விட்டது. இந்தியாவுக்காக ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்ப் பெண்தான். அவர் தமிழகப் போலீஸில் ஸப் இன்ஸ்பெக்டர். 2020-ல் கொரோனா ஊரடங்கு சமயத்தில் காக்கி உடுப்புடன் தெருவில் நின்று கடமை ஆற்றியவர். பண்ருட்டிப் பக்கத்துச் சந்தியா ரங்கநாதனும் இந்தியாவின் உடுப்பை அணிந்து ஆடியவர்.

2018 பிப்ரவரியில் கட்டாக்கில் நடந்த தேசியப் போட்டியில் தமிழ் நாட்டுப் பெண்கள் மணிப்பூரை 2–1 என்று தோற்கடித்தார்கள். பெண்கள் கால்பந்தில் மணிப்பூரை ஜயிப்பது, சேலத்துக்கே மாம்பழம் கொண்டு போய் விற்று லாபம் பார்ப்பது போல! 2023-ல் அமிருதசரஸில் ஹரியானாவை வென்று தமிழ் நாடு அந்தப் பட்டத்தை மறுபடியும் அடைந்தது. 2019-ல் மதுரையின் சேது கோஷ்டி இந்தியப் பெண்கள் லீகில் முதல் இடம் பெற்றது.

2025-ல் இந்தியப் பெண்களுக்கு நல்ல காலம் பிறந்தது. பெரியவர்கள், 20 வயதுக்கு உட்பட்டவர்கள், 17 வயதுக்கு உட்பட்டவர்கள் ஆகிய மூன்று கோஷ்டிகளும் 2026-ம் வருஷத்து ஆசியக் கோப்பைப் போட்டிகளுக்குத் தகுதி பெற்றன. 20 வயதுப் பிரிவினர் மியான்மரை அதன் சொந்த மண்ணிலேயே 1–0 என்று வென்று, 20 வருஷங்களுக்குப் பிறகு அந்த வாசலைத் திறந்தார்கள்.

அம்மாயியின் கேள்விகள்

இவ்வளவையும் சொல்லி முடித்தேன். அம்மாயி எளிதில் மசிகிற ஆள் இல்லை.

"அதெல்லாம் சரிங்க. காலு?" என்றாள்.

உண்மையை மறைப்பதில் பிரயோஜனம் இல்லை. கால்பந்தில் முழங்கால் ஜவ்வு அறுந்து போகிற காயம், ஆண்களை விடப் பெண்களுக்கு அதிகமாகவே நேருகிறது. ஆனால் அதைக் குறைக்க வழி உண்டு. ஆட்டத்துக்கு முன் 20 நிமிஷம் முறையாகச் செய்கிற ஆயத்தப் பயிற்சிகள் இருக்கின்றன. ஓடுவது, குதித்துச் சரியாகக் கால் ஊன்றுவது, துடைத் தசைகளைப் பலப்படுத்துவது என்று அவை வகுக்கப்பட்டிருக்கின்றன. தவறாமல் செய்கிற கோஷ்டிகளில் காயம் கணிசமாகக் குறைவதை ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள். ஆகையால் பெண்ணைச் சேர்ப்பதற்கு முன் தாய்மார் பயிற்சியாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "ஆட்டத்துக்கு முன்னால் என்ன பயிற்சி கொடுக்கிறீர்கள்?" இரண்டாவது கேள்வி: "வெளியூர் போகும் போது கூட வரும் பெண் ஆசிரியை யார்?" மூன்றாவது கேள்வி: "படிப்புக்கு எந்த நேரம்?" இந்த மூன்றையும் தயங்காமல் கேட்கலாம். பதில் சொல்லத் தயங்குகிற இடத்துக்கு அனுப்பாமல் இருக்கலாம்.

சாப்பாடும் முக்கியம். வளரும் வயதில் மாதா மாதம் ரத்தம் இழக்கிற பெண்ணுக்கு இரும்புச் சத்து குறைந்தால் ஓட முடியாது, மூச்சு வாங்கும். முட்டை, கீரை, கேழ்வரகு, நிலக்கடலை எல்லாம் நம் பக்கத்தில் விளைகிற சாமான்கள்தாம். நாமக்கல்லிலிருந்து லாரி லாரியாக முட்டை வெளியூர் போகிறது. அதில் ஒன்று வீட்டுப் பெண்ணின் தட்டில் தினம் விழ வேண்டும். வீட்டில் ஆண் பிள்ளைக்கு வைத்த பிறகு மிஞ்சினால் அவளுக்கு என்கிற கணக்கு இங்கே உதவாது.

"வெய்யில்ல கறுத்துப் போவாளே?"

"கறுத்தால் என்ன அம்மாயி? நீங்க காட்டு வேலை செய்யாத வெய்யிலா?" என்றேன். அவளுக்கே சிரிப்பு வந்து விட்டது.

"சோறு போடுமா?" என்றாள் அடுத்தபடி.

எல்லோருக்கும் போடும் என்று சொல்ல மாட்டேன். ஆயிரம் பேர் ஆடினால் ஒருத்தி இந்துமதி ஆவாள். ஆனால் விளையாட்டில் தேர்ந்தவர்களுக்குத் தமிழக அரசு வேலைகளில் 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. காலேஜ்களிலும் இடம் கிடைக்கிறது. ஒன்றுமே கிடைக்காவிட்டாலும், கூட்டத்துக்கு நடுவே நிமிர்ந்து நின்று தன் முறை வரும் போது காலை வீசத் தெரிந்த பெண், வாழ்க்கையில் எந்த வாசலிலும் தயங்கி நிற்க மாட்டாள்.

பதினைந்தும் பத்தொன்பதும்

இந்தப் போட்டிகளின் வயது வரம்பை இன்னொரு முறை பாருங்கள்: 15, 17, 19. நம் ஊர்களில் ஒரு பெண்ணின் தலையெழுத்தை வீட்டார் தீர்மானிக்கிற வயதும் இதுதான் அல்லவா? சட்டப்படி 18 முடியாமல் கல்யாணம் செய்யக் கூடாது. அப்படியிருந்தும் பள்ளிப் படிப்பு முடிவதற்குள் அவசரப்படும் குடும்பங்கள் இந்தச் சமவெளியில் இன்னும் இருக்கின்றன. 15 வயதில் மைதானத்தை விட்டு வெளியே வந்தவள் 19 வயதில் டாக்கா போக முடியாது. நடுவிலுள்ள நான்கு வருஷங்களை யாரும் திருப்பிக் கொடுக்க முடியாது.

இன்னொரு பழைய கணக்கையும் சொல்லியாக வேண்டும். பெண் சிசுவைக் கொல்லும் கொடுமையைத் தடுப்பதற்காக, 1992-ல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தை முதலில் ஆரம்பித்தது சேலம் ஜில்லாவில்தான். நாமக்கல் அப்போது அதே ஜில்லாவைச் சேர்ந்தது. 1997-ல் தான் பிரிந்தது. வேண்டாம் என்று நினைக்கும் பெண் குழந்தையைக் கொல்லாதீர்கள், இந்தத் தொட்டிலில் போட்டு விட்டுப் போங்கள் என்று அரசாங்கம் கெஞ்ச வேண்டியிருந்தது! பிறக்கிற குழந்தை பூவா, தலையா என்பதைப் பொறுத்து அதன் உயிரே இருந்த காலம் அது.

இதை நான் சொல்லிக் கொண்டிருந்த போது அம்மாயியின் முகம் மாறியது. சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு எதிரே நின்ற தன் மகளைக் காட்டினாள்.

"இவ எனக்கு மூணாவது பொட்டப் புள்ளை அம்மிணி. பொறந்தன்னிக்கு வீட்டுல யாரும் பேசலை. ஆளாளுக்கு வந்து காதுல ஏதேதோ சொன்னாங்க. நான் புள்ளையை மடியை விட்டு எறக்கவே இல்லை. அன்னிக்கு நானு காசு சுண்டிப் பாக்கலை."

அந்த மகள் இந்தக் கதையை அன்றுதான் முதன் முதலாகக் கேட்டாள் என்று நினைக்கிறேன். முகத்தைத் திருப்பிக் கொண்டாள். பேத்தி செல்போனை அணைத்து விட்டாள்.

"ஏங்கண்ணு, அந்த டாக்காப் புள்ளைங்க பரிட்சையும் எழுதுவாங்கதானே?" என்று அம்மாயி கேட்டாள்.

"எழுதுவாங்க அம்மாயி."

"அப்ப நீயும் எழுதோணும். பரிட்சையில தவறுனே, பந்தைக் கெணத்துல போட்டுருவேன்."

இதை விடத் தெளிவான உத்தரவு வேறு வேண்டுமா? அம்மா கைப்பையைத் திறந்து மடித்த காகிதத்தை எடுத்தாள். பேனா இல்லை. நேரே மொய் எழுதுகிற மேஜைக்குப் போய், "அண்ணா, அந்தப் பேனாவைக் கொஞ்சம் குடுங்க" என்று கேட்டாள்.